ஆறு நூலகங்களும் ஒரு கணிப்பொறியும்: மால்மார்க்கின் பத்தாண்டும் தமிழ் நூல்களும்

பினாங்கின் தமிழ் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் 1816ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவர். அவ்வாண்டில் ஹட்சிங்ஸ் பாதிரியார் நிறுவிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு ஒன்று தொடங்கப்பெற்றது. அதனை அடியாகக் கொண்டே இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் இருநூறாம் ஆண்டை நாம் 2016இல் கொண்டாடினோம். அடுத்த ஆண்டிலேயே, 1817இல், இதே ஊரில் ஒரு நூலகம் தோன்றியதை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. நினையாமைக்குக் காரணமும் உண்டு. அது சந்தா செலுத்துவோர்க்கென அமைந்த ஆங்கில நூலகம். துறைமுகத்தில் மூட்டை சுமந்த தமிழர்க்கும் அதன் அலமாரிகளுக்கும் இடையே நெடுந்தொலைவு இருந்தது. அரசு அதனைப் பொது நூலகக் கழகமாக மாற்றியமைத்தது 1973இல்தான்.

இப்பொழிவு அந்த நூலகத்தைப் பற்றியதன்று. பினாங்குத் தீவை நடுவாகக் கொண்டு ஏறத்தாழ ஒரு பத்தாண்டுக் காலம் இயங்கிய ஒரு நூலகக் கூட்டு முயற்சியைப் பற்றியது. அதன் பெயர் மால்மார்க். நூலகத்துறையினர் அல்லாத நம்மவருள் பலர் இப்பெயரைக் கேள்வியுற்றிருக்க மாட்டார்கள். ஆயினும், இந்நாட்டில் ஒரு தமிழ் நூலைத் தேடும் மாணவர்க்கு அது கிடைப்பதும் கிடைக்காமற்போவதும் அக்காலத்தே எடுக்கப்பட்ட சில முடிவுகளைச் சார்ந்தே இன்றும் இருக்கின்றன. ஆகவே அதன் கதை நமக்கும் உரியது.

முதலில் தமிழ் நூல்கள் இங்கே வந்த வழியைச் சிறிது காண்போம். அவை கப்பலில் வந்தன. 1926 முதல் 1973 வரை ‘ரஜூலா’ கப்பல் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் புறப்பட்டுப் பினாங்கில் நின்று சிங்கப்பூர் வரை சென்று மீண்டது. பயணிகளின் தகரப் பெட்டிகளிலும் வணிகர்களின் மூட்டைகளிலும் நூல்களும் இதழ்களும் ஏறி இறங்கின. அவை கோயில்களிலும் பள்ளிகளிலும் சங்கப் படிப்பகங்களிலும் சேர்ந்தன. அங்கே நூற்பட்டி என்று ஒன்று இருந்தால் அது ஒரு கோடிட்ட குறிப்பேடாகவே இருக்கும். பொறுப்பாளர் மாறினால் அதுவும் மறையும். 1950களில் கோ. சாரங்கபாணி முன்னின்று நடத்திய ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி, மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் நூல்கள் திரள வழிசெய்தது. உழைக்கும் மக்களின் சிறு நன்கொடைகள் பல்கலைக்கழக நூலகத்தின் அலமாரிகளாயின. 1956இல் இந்திய ஆய்வியல் துறை தோன்றியது. 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியது. 1969இல் இராம சுப்பையா, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்த தமிழ் நூல்களையும் இதழ்களையும் தொகுத்து ஒரு பட்டியல் வெளியிட்டார். தனியொருவரின் விரலும் விழியும் செய்த அப்பணிக்கு நாம் இன்றளவும் கடன்பட்டிருக்கிறோம்.

அதே 1969இல் பினாங்கு தன் தடையிலாத் துறைமுக உரிமையை இழந்தது. தீவின் வணிகம் தளர்ந்த அவ்வாண்டிலேயே இங்கு ஒரு பல்கலைக்கழகமும் பிறந்தது. அதுவே பின்னர்க் குளுகோரில், பிரித்தானியப் படையினர் தங்கியிருந்த மிண்டன் வளாகத்தில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமாக நிலைகொண்டது. அடுத்த சில ஆண்டுகளில் தேசியப் பல்கலைக்கழகம், வேளாண்மைப் பல்கலைக்கழகம், தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆகியனவும் எழுந்தன. 1972இல் தேசிய நூலகச் சட்டம் நிறைவேறியது. பத்தாண்டுக்குமுன் ஒரே பல்கலைக்கழக நூலகம் இருந்த நாட்டில் இப்போது ஐந்து. அவற்றோடு தேசிய நூலகம் ஒன்று.

இங்கேதான் சிக்கல் எழுந்தது. ஆறு நூலகங்களும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நூல்களை வாங்கிக் குவித்தன. நூல் வாங்குவது எளிது. அதனைப் பட்டியலாக்குவது எளிதன்று. ஆசிரியர் பெயரை எந்த வடிவில் பதிவது, எப்பொருளின் கீழ் வைப்பது, எந்த எண் இடுவது என்று ஒவ்வொன்றையும் பயிற்சி பெற்ற ஒருவர் முடிவுசெய்தாக வேண்டும். அத்தகையோர் நாட்டில் மிகச் சிலரே. ஒரே பொருளியல் நூலை ஆறு நூலகங்களிலும் ஆறு பேர் தனித்தனியே ஆராய்ந்து ஆறு அட்டைகள் எழுதினர். இது வீண் உழைப்பு என்பதை நூலகர்களே முதலில் உணர்ந்தனர். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலக் கல்லூரி நூலகங்கள் 1971 முதலே ஒரு பொதுக் கணிப்பொறியின் வழி பட்டியலாக்கத்தைப் பகிர்ந்துகொள்ளத் தொடங்கியிருந்தன. அமெரிக்கக் காங்கிரசு நூலகம் தன் பதிவுகளைக் காந்த நாடாவில் 1969 முதல் வழங்கிவந்தது. கணிப்பொறி படித்தறியத்தக்க அப்பதிவு முறைக்கு ‘மார்க்’ என்று பெயர். மலேசியாவின் முதலெழுத்துகளை அதனோடு சேர்த்தால் மால்மார்க்.

1978இல் தேசிய நூலகமும் ஐந்து பல்கலைக்கழக நூலகங்களும் இணைந்து இத்திட்டத்தைத் தொடங்கின. அதன் நடுவிடமாகத் தலைநகர் அமையவில்லை. பினாங்கின் அறிவியல் பல்கலைக்கழகம் அமைந்தது. அந்நூலகத்தின் தலைமை நூலகர் லிம் ஹக் டீ 1970இலேயே மேற்கு மலேசியா, சிங்கப்பூர் நூலகங்களின் சுருக்க வரலாற்றை நூலாக எழுதியவர். வரலாறு எழுதியவரே வரலாற்றின் அடுத்த ஏட்டிலும் இடம்பெறுவது எல்லாத் துறையிலும் நிகழ்வதன்று.

வேலைமுறை இன்றைய கண்ணுக்கு மெதுவானது. ஒரு நூலகம் தனக்கு வேண்டிய நூல்களின் அடையாள எண்களை நடுவிடத்திற்கு அனுப்பும். அங்கே அயல்நாட்டு நாடாக்களில் அந்த எண்ணுக்குரிய பதிவு தேடப்படும். கிடைத்தால் திருத்தி எடுத்துக்கொள்ளலாம். கிடைக்காவிடில், நூலகமே படிவத்தில் முழுப் பதிவையும் எழுதி அனுப்பவேண்டும். ஒருவர் எழுதியது பின்னர் அறுவருக்கும் பயன்படும். முடிவில் பட்டியல், உள்ளங்கையை விடச் சற்றே பெரிய நுண்படத் தகடுகளில் பதிந்து வெளிவரும். ஒரு தகட்டில் இருநூறு பக்கங்களுக்கு மேல் அடங்கும். மர இழுப்பறைகளில் அட்டைகளைப் புரட்டிப் பழகிய வாசகர்கள், ஒளிரும் கருவியின்முன் அமர்ந்து கண்ணாடித் தட்டை முன்னும் பின்னும் தள்ளக் கற்றுக்கொண்டனர். முதன்முறையாக, குளுகோரில் அமர்ந்தபடியே கோலாலம்பூரில் இருக்கும் நூலை அறிய முடிந்தது. இதன் அருமையை நாம் குறைத்து மதிப்பிடலாகாது.

ஆனால் இக்கூட்டு முயற்சி எந்த நூல்களுக்கு மிகுந்த பயனளித்தது? அயல்நாட்டு நாடாவில் முன்னரே பதிவான நூல்களுக்கு. பெரும்பாலும் ஆங்கில நூல்களுக்கு. உள்ளூரில் அச்சான மலாய், சீன, தமிழ் நூல்களை இங்குள்ளோரே முதலிலிருந்து பட்டியலாக்க வேண்டியிருந்தது. மலாய் கல்விமொழியாக உயர்ந்துவந்த காலம் அது. உரோமன் எழுத்தில் எழுதப்படுவதால் கணிப்பொறியிலும் அதற்குத் தடையில்லை. தமிழுக்குத் தடை இருந்தது. அக்காலக் கணிப்பொறிப் பட்டியலில் தமிழ் எழுத்துக்கு இடமே இல்லை. தமிழ் நூல் உள்ளே நுழையவேண்டுமானால் உரோமன் உடை உடுத்தே நுழைய வேண்டும்.

அந்த உடையைத் தைத்தவர்கள் அறியாதவர்கள் அல்லர். உலக நூலகங்கள் ஏற்ற அமெரிக்க எழுத்துப்பெயர்ப்பு முறை நுட்பமானது. ‘எல்’ என்னும் எழுத்து தனித்து நின்றால் ல. கீழே புள்ளி பெற்றால் ள. கீழே கோடு பெற்றால் ழ. ‘என்’ எழுத்தும் அவ்வாறே குறிகள் பெற்று ண, ன, ந என்பவற்றை வேறுபடுத்தும். நெடிலுக்கு மேலே கோடு. குறிகள் யாவும் இருக்குமாயின் தமிழ்ச் சொல்லை ஐயமின்றி மீட்டுவிடலாம். குறிகள் உதிர்ந்தாலோ மழையும் மலையும் ஒன்றாகும். மரமும் மறமும் ஒன்றாகும். படமும் பாடமும் கலந்துவிடும். அக்கால அச்சுப் பொறிகளும் திரைகளும் இக்குறிகளை எப்போதும் மதித்தன என்று சொல்ல இயலாது.

இதனினும் பெரிய இடர் பெயர்களில் இருந்தது. தமிழ் எழுத்தை எழுத்தாகவே பெயர்க்கும் முறை ஒலிப்பைப் பார்ப்பதில்லை. சுப்பிரமணியம் ‘சி’ என்னும் ஆங்கில எழுத்தின்கீழ்ப் போவார். அடையாள அட்டையில் அவர் ‘எஸ்’. பாலன் ‘பி’யை விட்டுப் ‘பீ’க்குப் போவார் என்று சொல்லின் நகைப்பாகும், ஆங்கில அகரவரிசையின் இரண்டாம் எழுத்தில் நாம் தேடும் அவர் பதினாறாம் எழுத்தில் இருப்பார் என்பதே நேர்ப்பொருள். தாமோதரன் ‘டி’ முதல் எழுத்தாக அமைந்த தம் அட்டைப் பெயரை விட்டு வேறு வரிசைக்கு இடம்பெயர்வார். இந்நாட்டுத் தமிழர் பெயர்கள் பிறப்புப் பதிவு எழுத்தரின் காதில் விழுந்தவாறு எழுதப்பட்டவை. ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு ஓர் எழுத்துக்கூட்டல், தம்பிக்கு வேறொன்று என்பதும் அரிதன்று. தந்தை பெயரா தன் பெயரா எது முன்னே என்னும் வினா வேறு. 1978இலேயே வெளிவந்த ஆங்கில-அமெரிக்கப் பட்டியலாக்க விதிகளின் இரண்டாம் பதிப்பு இந்தியப் பெயர்களுக்கு விதி வகுத்திருந்தது. விதி இருந்தது, வாசகருக்கு அது தெரியாது. நூல் அலமாரியில் இருக்க, ‘இல்லை’ என்று எண்ணித் திரும்பிச் சென்ற வாசகர்களே இதில் உண்மையான இழப்பை ஏற்றவர்கள் என்பது நம் கருத்து.

அப்பத்தாண்டு தமிழ் நூலகங்களுக்கு வெளியிலும் கடுமையானதாக இருந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. எந்த நூலின் மறுபடி எந்த ஊரில் உள்ளது என்னும் பொதுப் பட்டியல் எத்துணை இன்றியமையாதது என்பதை அந்தத் தீயைக் காட்டிலும் வேறு எதுவும் உணர்த்தியதில்லை. 1985 பிப்ரவரியில் ‘ரஜூலா’வின் இடத்தில் ஓடிக்கொண்டிருந்த ‘சிதம்பரம்’ கப்பலில் தீப்பற்றியதோடு பினாங்குக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையிலான பயணிக் கப்பல் போக்குவரத்தும் நின்றது. நூல்கள் வந்த பழைய வழி அடைபட்டது.

கூட்டு முயற்சியும் மாறத் தொடங்கியது. 1980களின் நடுவில் நுண்கணிப்பொறிகள் மலிந்தன. யுனெஸ்கோ நிறுவனம் நூலகங்களுக்கான தன் மென்பொருளைச் சிறு கணிப்பொறிக்கேற்ப 1985இல் வழங்கியது. காங்கிரசு நூலகப் பதிவுகள் குறுந்தகட்டில் கிடைத்தன. பினாங்குக்கு எண்களை அனுப்பிக் காத்திருக்க வேண்டிய தேவை குறைந்தது. ஒவ்வொரு நூலகமும் தனக்கென நேரடிக் கணினி முறையை நிறுவிக்கொள்ள, நடுவிடத்தின் பணி மெல்ல அடங்கியது. இதனைத் தோல்வி என்று சொல்வாரோடு நாம் உடன்படோம். பொது வடிவத்தில் பதிவுகள் இருந்தமையால்தான் அவற்றை ஒவ்வொருவரும் தத்தம் புதிய முறைக்குள் பெயர்த்துக்கொள்ள முடிந்தது. 1994இல் தேசிய நூலகம் தொடங்கிய ‘ஜாரிங்கான் இல்மு’ என்னும் அறிவு வலையமைப்புக்கும் ஆறு நூலகங்கள் சேர்ந்துழைத்த பழக்கமே பின்புலமாயிற்று.

தமிழுக்குரிய வாயில் வேறு திசையில் திறந்தது. 1985 முதல் முத்து நெடுமாறன் இந்நாட்டில் உருவாக்கிய ‘முரசு’ தமிழைக் கணிப்பொறித் திரைக்குக் கொண்டுவந்தது. 1991இல் யூனிகோடு முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. நூலகப் பதிவுகள் யூனிகோடை ஏற்ற பின்னரே ஒரு தமிழ் நூலின் பெயரைத் தமிழிலேயே எழுதித் தேடும் வாய்ப்பு ஏற்பட்டது.

அவ்வாய்ப்பு புதிய பதிவுகளுக்கே உரியது. உரோமன் உடையில் நுழைந்த பழைய பதிவுகளை என்ன செய்வது என்னும் பணி இன்னும் எஞ்சியிருக்கிறது. புள்ளியும் கோடும் வழுவாமல் எழுதப்பட்ட பதிவைக் கணினியே நொடியில் தமிழுக்கு மீட்டுவிடும். அன்று படிவத்தில் பொறுமையோடு குறியிட்ட பெயரறியா நூலகர் அதற்குரிய உழைப்பை முன்கூட்டியே தந்துவிட்டார். குறிகள் உதிர்ந்த பதிவுகளுக்கு அவ்வழி இல்லை. ஒருவர் அலமாரிக்குச் சென்று, நூலை எடுத்து, முகப்பேட்டைத் திறந்து, அது மழையா மலையா என்று பார்த்து எழுதவேண்டும்.