முதல் சொல் யாருடையது?

கதை எழுதலாம் என்று எப்போதாவது பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறீர்களா? உட்கார்ந்திருந்தால் உங்களுக்கே தெரியும். கேரக்டர்கள் ரெடி. க்ளைமாக்ஸ்கூட ரெடி. ஆனால், அந்த முதல் வரி..? அது மட்டும் வராது! ஒரு வரி எழுதுவோம், அடிப்போம். காபி குடித்துவிட்டு வந்து இன்னொரு வரி. அதையும் அடிப்போம். ராத்திரி பத்தரை மணிக்குப் பேப்பரில் மிச்சம் இருப்பது பிள்ளையார் சுழி மட்டும்தான்!

வெட்கப்படாதீர்கள். காவியம் படைத்த மகாகவிகளே இந்த இடத்தில் திணறியதாகத்தான் நம் ஊர்க் கதைகள் சொல்கின்றன. அவர்களுக்கு மேலிடத்திலிருந்து உதவி வந்ததாம். அதற்குத் தமிழில் அழகான ஒரு பெயரே உண்டு... ‘அடியெடுத்துக் கொடுத்தல்’. கொடுத்தது யார்? சாட்சாத் கடவுள்!

முதல் சொல்லுக்கு அப்படி என்ன முக்கியத்துவம்? இருந்தது. ‘பாட்டியல்’ என்று ஒருவகை இலக்கண நூல்கள் உண்டு. கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பதுபோல, பாட்டின் முதல் சொல்லுக்கும் இவை பத்துப் பொருத்தம் பார்க்கச் சொல்லின! மங்கலம், சொல், எழுத்து, தானம், பால், உண்டி, வருணம், நாள், கதி, கணம். எழுத்துகளிலேயே ‘அமுத எழுத்து’, ‘நச்செழுத்து’ என்று பிரிவினை வேறு. நச்செழுத்தில் ஆரம்பித்துவிட்டால், யாரைப் பற்றிப் பாடுகிறோமோ அவருக்கு ஆகாது என்று நம்பினார்கள். சீர், திரு, பொன், கடல், உலகு... இவையெல்லாம் மங்கலச் சொற்கள். பாட்டியல் நூல்கள் வருவதற்கு முன்பே திருமுருகாற்றுப்படை ‘உலகம்’ என்றுதான் தொடங்குகிறது. கம்பராமாயணமும் அப்படியே.

பன்னிரண்டாம் நூற்றாண்டுக்கு வாருங்கள். சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் குன்றத்தூர்க்காரர் சேக்கிழார். சோழ நாட்டு அமைச்சர். அரசன் அநபாயன் (இரண்டாம் குலோத்துங்கன் என்கிறார்கள், ஆட்சி 1133 முதல் 1150 வரை) சீவக சிந்தாமணி என்ற சமணக் காவியத்தில் மயங்கிக் கிடந்தானாம். அதற்குப் பதிலாக சிவனடியார்களின் கதையைப் படிக்கலாமே என்றார் அமைச்சர். ‘சரி, நீயே எழுது’ என்றான் அரசன்!

சிதம்பரத்துக்குப் போனார் சேக்கிழார். நடராஜர் முன்னால் நின்றார். அறுபத்து மூன்று பேரின் வாழ்க்கை கையில் இருக்கிறது. எங்கே ஆரம்பிப்பது? அப்போது ‘உலகெலாம்’ என்று ஓர் அசரீரி கேட்டது என்பது மரபு. பெரியபுராணத்தின் முதல் சொல் அதுதான். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைத் தாண்டி, கடைசிப் பாட்டின் கடைசிச் சொல்லைப் பாருங்கள். அதுவும் ‘உலகெலாம்’! வாங்கிய கடனை வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறார் மனிதர்.

அவர் எழுதிய கதைகளுக்குள்ளேயே இதைவிட சுவாரஸ்யமான முதல் சொல் ஒன்று இருக்கிறது. சுந்தரருக்குக் கல்யாணம். மணப்பந்தலில் ஒரு கிழவர் நுழைந்து, ‘நிறுத்து! நீ எனக்குப் பரம்பரை அடிமை. உன் தாத்தா எழுதிக்கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது’ என்கிறார். ‘என்னய்யா, பித்தனா நீ?’ என்று சீறிய மாப்பிள்ளை, ஓலையைப் பிடுங்கிக் கிழித்தும் போடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. கிழவர் விவரமானவர். கிழிந்தது நகல்தானாம், மூல ஓலை பத்திரமாக இருக்கிறது! தாத்தாவின் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, ‘கேஸ் தோற்றது, அவர் பின்னால் போ’ என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். கிழவர் நேரே கோயிலுக்குள் போய் மறைகிறார். வந்தது சிவன்!

‘பாடு’ என்கிறார் சிவன். ‘என்னவென்று பாடுவேன்?’ என்று தவிக்கிறார் சுந்தரர். ‘சற்று முன் என்னைப் பித்தன் என்று திட்டினாயே... அதையே வைத்து ஆரம்பி!’

பாருங்கள், இங்கே ஆகாயத்திலிருந்து புதிதாக எதுவும் வரவில்லை. கோபத்தில் தன் வாயிலிருந்து விழுந்த சொல்லே திரும்பி வந்தது. மங்கலமாவது, பொருத்தமாவது!

அடுத்து காஞ்சிபுரம், குமரகோட்டம். அங்கே முருகனுக்குப் பூஜை செய்துவந்த கச்சியப்ப சிவாச்சாரியார், கந்தபுராணம் எழுதினார். தினமும் நூறு பாட்டு எழுதி, ராத்திரி கருவறையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்துவாராம். காலையில் பார்த்தால் முருகனே திருத்திவைத்திருப்பான் என்கிறது தலக் கதை. முதல் சொல்லும் முருகன் கொடுத்ததுதான்... ‘திகடசக்கர’.

அரங்கேற்ற நாள். புலவர் கூட்டம் நிரம்பியிருக்கிறது. அந்தக் காலத்தில் அரங்கேறாத நூல், இன்றைக்கு பப்ளிஷர் கிடைக்காத நாவல் மாதிரி. கச்சியப்பர் முதல் பாட்டை ஆரம்பித்தார். அவ்வளவுதான். ஒரு புலவர் எழுந்துவிட்டார். ‘நிறுத்தும்! திகழ், தசக்கரம் என்ற இரண்டு சொற்களைச் சேர்த்திருக்கிறீர். ழகர மெய்யும் தகரமும் சேர்ந்து டகரம் ஆவதற்குத் தொல்காப்பியத்தில் விதி ஏது?’

‘இது நான் எழுதியதல்ல, முருகன் கொடுத்தது’ என்றார் கச்சியப்பர். ‘அப்படியானால் முருகனே வந்து விதியைக் காட்டட்டும்’ என்று சபை கலைந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள்... எல்லாம் முதல் சொல்லில் சிக்கி நின்றன. அன்று ராத்திரி அந்த மனிதருக்குத் தூக்கம் வந்திருக்குமா, சொல்லுங்கள்!

மறுநாள் சோழ நாட்டிலிருந்து ஒரு புலவர் வந்தார். கையில் வீரசோழியம் என்ற இலக்கண நூல். சந்திப் படலத்தைப் பிரித்து, ‘விதி இதோ’ என்று காட்டினார். சபை வாயடைத்துப்போனது. வந்தவர் மறைந்தும் போனார். முருகனேதான் என்று முடிகிறது கதை. அரங்கேற்றம் நடந்த மண்டபம் என்று குமரகோட்டத்தில் இன்றும் ஒரு மண்டபத்தைக் காட்டுகிறார்கள்.

வந்தது முருகனா என்று சரித்திரத்தால் சொல்ல முடியாது. ஆனால், அவர் கையில் இருந்த புத்தகத்தைப் பற்றிச் சொல்ல முடியும். வீரசோழியம், வீரராசேந்திர சோழன் காலத்தில், பதினோராம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. அந்த அரசன் பெயரைத்தான் நூலும் தாங்கியிருக்கிறது. எழுதியவர் பெயர் புத்தமித்திரர். ஆமாம், பௌத்தர்! (1881-ல் அதை அச்சில் ஏற்றியவர் யாழ்ப்பாணத்து சி.வை.தாமோதரம் பிள்ளை என்ற சைவர்.) சைவப் புராணம் ஒன்றைக் காப்பாற்ற முருகக் கடவுள் தேடிப் போனது ஒரு பௌத்தரின் இலக்கணத்தை! இந்தக் கதையைக் காலம் காலமாகச் சொல்லிவந்த பக்தர்கள் யாருக்கும் அது உறுத்தவில்லை. தமிழுக்கு விதி சொன்னவர் எந்த மதமாக இருந்தால் என்ன?

எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. ‘கடவுள் கொடுத்த சொல்’ என்பது பக்தி மட்டுமல்ல, ஒரு கவசமும்கூட. முதல் வரியில்தான் முதல் கல் விழும் என்று அந்தப் புலவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பயந்த மனசுக்கு, ‘இது என்னுடையதல்ல, எனக்குக் கொடுக்கப்பட்டது’ என்ற நினைப்பு எத்தனை பெரிய தெம்பு!

இன்றைக்கு நமக்கு அசரீரி கேட்காது. பரவாயில்லை. பஸ்ஸில் பின் ஸீட்டுக்காரர் செல்போனில் கத்துகிற ஒரு வாக்கியம் போதும். வீட்டில் உங்கள் மனைவியையோ மகளையோ, ‘ஏதாவது ஒரு வரி சொல்லேன்’ என்று கேளுங்கள். அதுவும் இல்லையா? சுந்தரர் வழி இருக்கவே இருக்கிறது. கடைசியாக யாரைத் திட்டினீர்களோ, அந்தச் சொல்லிலேயே ஆரம்பியுங்கள். தப்பு என்று எவராவது எழுந்தால் எழட்டும். இலக்கணம் மறுநாள் காலையில் வந்து சேரும்.

ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். சேக்கிழாருக்குக் கிடைத்தது ஒரே ஒரு சொல். மிச்சத்தை எல்லாம் அவர்தான் உட்கார்ந்து எழுதினார்!