கோபேன் கையில் இருந்த 'கே'

நிர்வாணா ரசிகர்களுக்கு கர்ட் கோபேன் கையில் குத்தியிருந்த பச்சை ஞாபகம் இருக்கும். ஒரு கேடயம், அதுக்குள்ள ஆங்கில எழுத்து 'கே'. அவரோட பேரின் முதல் எழுத்துன்னுதான் ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். இல்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒலிம்பியா என்ற சின்ன ஊரில் இருக்கும் கே ரெக்கார்ட்ஸின் சின்னம் அது.

1982-ல் அதைத் தொடங்கியவர் கால்வின் ஜான்சன். முதல் வெளியீடே கேசட்தான். இசைத்தட்டு என்றால் நூற்றுக்கணக்கில் மொத்தமாக அச்சடிக்கணும். கேசட்டைத் தேவைக்கேற்பப் பத்து பத்தாகவும் பதியலாம். சரக்கு தேங்காது.

அவரது இசைக்குழு பீட் ஹாப்பனிங்கும் அப்படித்தான். மூணே பேர், பேஸ் கிட்டார் கிடையாது, கருவிகளை மாத்தி மாத்தி வாசிப்பாங்க. கேட்டால், 'இதை நாமளே செய்யலாமே' என்று தோணும். அதுதான் விஷயமே.

1991 ஆகஸ்டில் ஒலிம்பியாவில் 'இன்டர்நேஷனல் பாப் அண்டர்கிரவுண்ட் கன்வென்ஷன்' நடத்தினார்கள். முதல் இரவு மேடை பெண்களுக்கு. ரயட் கேர்ள் இயக்கத்துக்கு அது பெரிய உந்துதல். அடுத்த மாதமே பெரிய கம்பெனி வழியாக 'நெவர்மைண்ட்' வந்தது. ஜான்சன் ஊரைவிட்டு நகரவில்லை. 'லூசர்' பாட்டால் புகழ்பெற்ற பெக், 1994-ல் கே வழியாகவும் ஓர் ஆல்பம் வெளியிட்டார். அதைப் பதிவு செய்தது ஜான்சன் வீட்டு நிலவறையில்!

ஆனா பிற்காலத்தில் ராயல்டி பாக்கி என்று கிம்யா டாசன் வெளிப்படையாகவே புகார் சொன்னார். குழந்தையாகவே இருக்கணும் என்ற நினைவூட்டலுக்காகத்தான் அந்தப் பச்சை என்றாராம் கோபேன். பாட்டுக்கு அந்த மனசு போதும். மத்தவங்க பாட்டை விக்கிறவருக்குக் கணக்கு நோட்டும் வேணும்.