உடனடியைத் தாமதமாக்கிய காலம்

ஆங்கில இலக்கணத்தில் வினையடைகளைப் பெரும்பாலும் கடைசியில்தான் கற்பிக்கிறோம். பெயரும் வினையும் வாக்கியத்தின் தூண்கள், வினையடை அவற்றின்மேல் பூசிய சுண்ணாம்பு என்பது நம் எண்ணம். 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தின் ஒரு காட்சி அவ்வெண்ணத்தை அசைத்துவிடுகிறது.

ஏரோதின் விருந்தில் நடனமாடிய பெண், யோவானின் தலையைத் தட்டில் வைத்துத் தருமாறு கேட்கிறாள். மாற்கு நற்செய்தியில் அக்கோரிக்கையோடு 'பை அண்ட் பை' என்னும் தொடர் வருகிறது. இன்றைய மாணவர் அதற்குப் 'பிறகு, சாவகாசமாக' என்றே பொருள்கொள்வார். மொழிபெயர்த்தோர் காலத்திலோ அதற்கு 'இந்தக் கணமே' என்பது பொருள். கிரேக்க மூலமும் அதையே சுட்டுகிறது. தமிழ் விவிலியத்தில் 'இப்பொழுதே' என்றிருப்பதை நாம் அறிவோம்; ஏகாரம் ஒன்றே அங்கு அவசரத்தைக் காத்து நிற்கிறது. அரசன் விருந்தினர் முன் வாக்களித்துவிட்டான். அவன் மனம் மாறுமுன் காரியம் முடிய வேண்டும். காட்சியின் கொடுமை அந்த அவசரத்தில்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஓரெழுத்தும் மாறவில்லை. ஆயினும் அவசரக்காரி பொறுமைசாலியாகிவிட்டாள்!

மத்தேயு நற்செய்தியில் அத்திமரம் பட்டுப்போகுமிடத்தில் வரும் 'பிரசென்ட்லி'யும் அன்று 'உடனே' என்றே பொருள்பட்டது. 1881இல் வெளியான திருத்திய புதிய ஏற்பாடு ஈரிடங்களிலும் வேறு சொற்களை இட்டது.

இவை தனித்த விபத்துகள் அல்ல. 'சூன்' என்பதும் பழைய ஆங்கிலத்தில் 'உடனே'தான். 'அனான்' என்பதும் அவ்வாறே. 1598இல் அச்சேறிய ஷேக்ஸ்பியரின் நான்காம் ஹென்றி முதற்பாகத்தில் மதுக்கடைப் பணியாள் பிரான்சிஸ், ஒருவர் உள்ளிருந்து அழைக்க, இளவரசன் பேச்சுக்கொடுத்து நிறுத்திவைக்க, 'அனான்' என்று திரும்பத் திரும்பக் கூவுகிறான், கால்கள் நகர்ந்தபாடில்லை. வீட்டைவிட்டுக் கிளம்பாமலே தொலைபேசியில் 'இதோ வந்துவிட்டேன்' என்போர் நம்மிடையேயும் உளர். சொல்பவர் தாமதிக்கத் தாமதிக்க, கேட்பவர் அத்தாமதத்தையே சொல்லின் பொருளாகக் கொண்டுவிடுகிறார்.

'பிரசென்ட்லி' இன்றும் நிலைகொள்ளவில்லை. 'சற்று நேரத்தில்' என்னும் பொருளோடு, அமெரிக்காவிலும் ஸ்காட்லாந்திலும் 'இப்பொழுது' என்னும் பொருளும் வழங்குகிறது. பின்னதைப் பிழையெனக் கண்டிப்போர் உண்டு. அதுவும் பழைய வழக்கே என்பதால் அக்கண்டனம் நமக்கு ஏற்புடையதன்று. உங்கள் விண்ணப்பம் 'பிரசென்ட்லி' ஆராயப்படுவதாக ஒரு கடிதம் வந்தால் வினையின் காலத்தைப் பாருங்கள். நிகழ்காலமாயின் அது இப்போது அலுவலரின் கையில் இருக்கிறது. எதிர்காலமாயின் இன்னும் எடுக்கப்படவில்லை.