1871இல் பிறந்தவர்கள்

ஆண்டுவாரியாகத் தொகுத்த உலக நிகழ்ச்சிப் பட்டியல்களை விடாமல் வாசிக்கிற பழக்கம் எனக்குண்டு. கலைக்களஞ்சியமோ போட்டித் தேர்வுக் கையேடோ, எதை எடுத்தாலும் அமைப்பு ஒன்றுதான்: நிகழ்ச்சிகள், பிறப்புகள், இறப்புகள். 1871ஐ எடுத்துக்கொள்வோம். ஜனவரி 18: வெர்சாய் அரண்மனையில் ஜெர்மன் பேரரசு பிரகடனம். மார்ச் 18 முதல் மே 28 வரை: பாரிஸ் கம்யூன். அக்டோபர்: சிகாகோ நகரத் தீ. நவம்பர்: ஆப்பிரிக்காவில் லிவிங்ஸ்டனை ஸ்டான்லி 'கண்டுபிடித்தது'. பிறப்புகள் என்ற தலைப்பின் கீழ் ரோஸா லக்சம்பர்க், கார்ல் லீப்னெக்ட், மார்சல் புரூஸ்த், எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டு, ஓர்வில் ரைட்.

இந்தப் பிரிப்புக்குள் ஒரு கருத்தியல் ஒளிந்திருக்கிறது. நிகழ்ச்சி என்றால் வரலாறு, பிறப்பு என்றால் இயற்கை. முன்னதை மனிதர்கள் செய்கிறார்கள், பின்னது தானாக நடக்கிறது. பட்டியல் போடுகிறவர் நம்மை இப்படித்தான் நம்பவைக்கிறார். நம் ஊரில் இது எடுபடாது. யார் வயிற்றில் பிறந்தோம் என்பதை வைத்தே எந்தத் தெருவில் நடக்கலாம், எந்தக் கிணற்றில் மொள்ளலாம் என்று முடிவு செய்த சமூகத்தில், பிறப்பைவிட அரசியலான நிகழ்ச்சி வேறென்ன இருக்க முடியும்? 1871 இந்த விஷயத்தில் விசேஷமான ஆண்டு. அந்த ஓர் ஆண்டுக்குள் நான்கு இடங்களில் ஆட்சியாளர்கள் பிறப்பையே சட்டத்தின் பொருளாக எடுத்துக்கொண்டார்கள். பட்டியல்களில் இவை சேர்ந்து வருவதில்லை. நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டும் என்பதே என் வாதம்.

முதலில் பாரிஸ். கம்யூன் ஏப்ரல் 10 அன்று ஓர் ஆணை பிறப்பித்தது. தேசியக் காவற்படையில் போரிட்டு மாண்டவரின் மனைவிக்கு ஆண்டுக்கு 600 ஃபிராங்க் ஓய்வூதியம். பிள்ளைகளுக்கு 18 வயதுவரை 365 ஃபிராங்க். மனைவி முறைப்படி கல்யாணம் ஆனவளா, சும்மா சேர்ந்து வாழ்ந்தவளா என்று ஆணை கேட்கவில்லை. தகப்பன் தன் பிள்ளை என்று ஏற்றுக்கொண்டானா இல்லையா என்றும் கேட்கவில்லை. இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் நெப்போலியனின் சட்டத் தொகுப்பு, மணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை தன் தகப்பன் யாரென்று வழக்காடித் தேடுவதையே தடை செய்திருந்தது. 1912இல்தான் பிரான்சில் அந்தத் தடை தளர்ந்தது. அப்படிப்பட்ட நாட்டில் 'முறையான பிறப்பு' என்ற கோட்டையே கம்யூன் ஒரே ஆணையில் அழித்தது. கம்யூனின் ஆயுள் 72 நாள். மே 24இல், பின்வாங்கிய கம்யூன்காரர்கள் நகர்மன்றக் கட்டடத்துக்கு வைத்த தீயில் பாரிஸ் மக்களின் பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளும் எரிந்துபோயின. நீதிமன்றத்தில் இருந்த இரண்டாம் பிரதியும் மிஞ்சவில்லை. அரசு சும்மா விடுமா? 1872இலேயே சட்டம் போட்டு அவற்றைத் திரும்ப எழுத உட்கார்ந்தது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் மீட்க முடிந்தது.

அடுத்து பிரேசில். செப்டம்பர் 28 அன்று 'சுதந்திரக் கருப்பைச் சட்டம்' நிறைவேறியது. அடிமைத் தாயின் வயிற்றில் அன்றிலிருந்து பிறக்கும் குழந்தை அடிமை இல்லை. கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! உள்ளே போய்ப் பார்த்தால் கதை வேறு. தாய் அடிமையாகவே இருப்பாள். குழந்தையை எட்டு வயதுவரை தாயின் எஜமானர் வளர்க்க வேண்டும். எட்டு வயதானதும் அரசிடம் 600 மில்-ரெய்ஸ் மதிப்புள்ள கடன் பத்திரம் வாங்கிக்கொண்டு பிள்ளையை விட்டுவிடலாம். அல்லது 21 வயதுவரை வேலை வாங்கலாம். எஜமானர்களில் பெரும்பாலோர் எதைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்று சொல்லவும் வேண்டுமா? வேலையைத்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். அச்சட்டப்படி 'சுதந்திரமாக' பிறந்த முதல் குழந்தைக்கு 21 வயது ஆவது 1892இல். அடிமைமுறையே 1888 மே 13 அன்று ஒழிக்கப்பட்டது. அதாவது, சட்டம் தந்த சுதந்திரம் அந்தக் குழந்தையின் கைக்கு வருவதற்குள் அடிமைமுறையே முடிந்துபோச்சு.

மூன்றாவதும் நான்காவதும் ஒரே தேதியில் நடந்தவை. 1871 அக்டோபர் 12.

அன்று ஜப்பானில், மெய்ஜி அரசு 'எதா', 'ஹினின்' என்ற இழிபெயர்களை ஒழித்து ஆணையிட்டது. (அவர்கள் நாட்காட்டிப்படி அது மெய்ஜி நான்காம் ஆண்டு எட்டாம் மாதம் 28ஆம் நாள்.) செத்த மாட்டை அறுப்பது, தோல் பதனிடுவது, தண்டனை நிறைவேற்றுவது போன்ற வேலைகளில் பிறப்பாலேயே கட்டிவைக்கப்பட்டிருந்த மக்கள் இனி தகுதியிலும் தொழிலிலும் மற்ற குடிமக்களுக்குச் சமம். சமத்துவம் வந்த கையோடு வேறொன்று போனது. செத்த கால்நடைகளின் மீது அவர்களுக்கிருந்த தொழிலுரிமையை அதே ஆண்டில் அரசு நீக்கியிருந்தது. நிலமும் இல்லை, மூலதனமும் இல்லை. இருந்த ஒரே தொழிலிலும் வெளியார் புகுந்தார்கள். 1873இல் மிமசாகா பகுதியில் விவசாயிகள் கலகம் செய்தபோது, 'எங்களுக்குச் சமமா நீங்கள்?' என்ற ஆத்திரத்தில் இம்மக்களின் குடியிருப்புகளைக் கொளுத்தினார்கள், ஆட்களைக் கொன்றார்கள். 1872இல் நாடு முழுக்கக் குடும்பப் பதிவேடு எழுதியபோது பல ஊர்களில் இவர்கள் பெயருக்குப் பக்கத்தில் 'புதுக் குடிமக்கள்' என்று குறித்துவைத்தார்கள். பழைய பெயர் போய்ப் புதுப்பெயர் வந்தது. வேலைக்கு எடுக்கும்போதும் பெண் பார்க்கும்போதும் அந்தப் பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பது நடந்துகொண்டேயிருந்தது. அரசு அதைப் பார்வைக்குத் தடை செய்தது 1968இல்தான்.

அதே அக்டோபர் 12இல் இந்தியாவின் காலனிய அரசு குற்றப்பரம்பரைச் சட்டத்தை நிறைவேற்றியது. தச்சன் மகன் தச்சன் என்றால் திருடன் மகன் திருடன்தானே என்பதுதான் அதன் பின்னிருந்த தர்க்கம். வெள்ளைக்காரன் இதை லண்டனிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வரவில்லை. தொழில் பிறப்பால் வருவது என்ற நம் சாதிய சூத்திரத்தையே எடுத்து, போலீஸ் சட்டமாக மாற்றிக்கொண்டான். ஒரு குழுவைக் குற்றக்குழு என்று அரசு அறிவித்துவிட்டால் அந்த அறிவிப்பு சரியா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது. பெயர் பதிவாக வேண்டும். இடம் மாறினால் சொல்ல வேண்டும். சீட்டு இல்லாமல் ஊர் தாண்டக் கூடாது. இந்தச் சட்டத்தின் இரண்டாம் பகுதியைப் பற்றி நம்மில் பலர் பேசுவதில்லை. இன்று நாம் திருநங்கையர் என்றழைக்கும் மக்களையும் அது பதிவேட்டில் ஏற்றியது. பதிவானவர் உயில் எழுத முடியாது, மகனைத் தத்தெடுக்க முடியாது. பிறந்ததால் குற்றவாளியான குழுக்களும், பிள்ளை பெறாததால் சந்தேகத்துக்குரியவர்களானவர்களும் ஒரே சட்டத்தில் அடைக்கப்பட்டது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. வாரிசு, பரம்பரை, சொத்து என்ற வரிசைக்குள் அடங்காத உடல்கள்மீது அதிகாரத்துக்கு இருந்த பயம் அது.

வட மாகாணங்களில் தொடங்கிய இச்சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது, கைரேகையோடு. மக்கள் அதை 'ரேகைச் சட்டம்' என்றே சொன்னார்கள். உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். இரண்டே ஆண்டில், 1922 மார்ச் 3 அன்று, ஜப்பானில் அந்தப் 'புதுக் குடிமக்க'ளின் பேரப்பிள்ளைகள் கியோத்தோவில் கூடிச் சுயிஹெய்ஷா என்ற சமத்துவ இயக்கத்தைத் தொடங்கினார்கள். ஒரு பக்கம் இழிபெயரை நீக்கிய சட்டம், இன்னொரு பக்கம் இழிபெயரைச் சூட்டிய சட்டம். அரை நூற்றாண்டு கழித்து இரண்டு இடத்திலும் மக்கள் தெருவுக்கு வர வேண்டியிருந்தது.

பிரபலங்களின் பட்டியலில் உள்ளவர்களும் இதிலிருந்து தப்பவில்லை. ரோஸா ரஷ்யப் பேரரசின் ஆளுகையிலிருந்த போலந்தில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஜெர்மனியில் அரசியல் செய்ய அவருக்குக் குடியுரிமை வேண்டியிருந்தது. 1898இல் பேருக்கு ஒரு கல்யாணம் செய்துகொண்டுதான் அந்தக் காகிதத்தை வாங்கினார்.

நான்கையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குப் படுவது இதுதான். விடுவிக்கிற சட்டம், ஒடுக்குகிற சட்டம் என்று இரண்டாகப் பிரித்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. இரண்டுக்கும் கருவி ஒன்று: பதிவேடு. பிரேசில் சட்டமே நாட்டிலுள்ள அடிமைகள் எல்லோரையும் பதியச் சொன்னது. எஜமானரின் தவறால் குறித்த காலத்தில் பதிவாகாதவர் சுதந்திரமானவராகக் கருதப்படுவார் என்றும் சொன்னது. ஆக, அங்கே பதிவேட்டில் பெயர் விடுபடுவது விடுதலை. அடிமைமுறை ஒழிந்தபின், 1890இல், நிதியமைச்சர் ரூய் பர்போசா அடிமைமுறை ஆவணங்களை அழிக்க ஆணையிட்டார். முன்னாள் எஜமானர்கள் நஷ்டஈடு கேட்டு வரக் கூடாது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். அதோடு அடிமைகளின் பேரப்பிள்ளைகள் தம் முன்னோரைத் தேட இருந்த தடயங்களிலும் பல போயின.

அதனால் 'பதிவேட்டைக் கொளுத்து' என்று கோஷம் போட்டுவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது. சாதிச் சான்றிதழ் இல்லாமல் இடஒதுக்கீடு ஏது? குற்றப்பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுக்க 1952 ஆகஸ்ட் 31இலும் நீங்கியது. தமிழ்நாட்டில் அச்சட்டத்தின் கீழ் இருந்தவர்களை 'சீர்மரபினப் பழங்குடி' என்று குறித்துவந்த அரசு, 1979இல் அதைச் 'சீர்மரபின வகுப்பினர்' என்று மாற்றியது. ஒரு சொல் மாறியதில் மத்திய அரசுச் சலுகைகள் கை நழுவின என்று 68 சமூகத்தார் போராடினார்கள்; 2019இல்தான் இரண்டு பெயரிலும் சான்றிதழ் தர அரசு ஒத்துக்கொண்டது. ஒரு காலத்தில் பதிய மறுத்துச் செத்தவர்களின் சந்ததி, பிறகு பதியச் சொல்லிப் போராடியது. இதில் முரண் ஒன்றுமில்லை. அன்று எழுதுகோல் போலீஸ்காரன் கையில் இருந்தது. பின்னால் கேட்டு வாங்குகிற இடத்துக்கு மக்கள் வந்தார்கள்.

எல்லோரும் வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரே சட்டத்தின் கீழ் அடைபட்டவர்களில் சில சாதிகள் பிற்பாடு நிலமும் அரசியல் பலமும் பெற்று, தலித்துகள்மீது அதிகாரம் செலுத்துகிற நிலைக்கு உயர்ந்தன. குறவர்களோ எங்கே திருட்டு நடந்தாலும் இழுத்துப் போகப்படுகிறவர்களாகவே இருந்தார்கள். 1993இல் கம்மாபுரம் போலீஸ் காவலில் சித்திரவதைக்குள்ளாகிச் செத்த ராஜாக்கண்ணு குறவர். சட்டம் நீங்கி நாற்பது ஆண்டு கழிந்த பிறகு. அடக்கப்பட்ட வரலாறு ஒருவரை என்றென்றைக்கும் அடக்கப்பட்டவராகவே வைத்திருக்கும் என்றோ, அவர் யாரையும் அடக்க மாட்டார் என்றோ நாம் எடுத்துக்கொள்வதற்கில்லை.

2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம், சிறைப் பதிவேடுகளில் உள்ள சாதிப் பத்தியை நீக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. சாதி பார்த்து வேலை பிரிக்கும் சிறை விதிகளையும், சீர்மரபினரைப் பிறப்பாலேயே 'வழக்கமான குற்றவாளிகள்' என்று கொள்ளும் விதிகளையும் செல்லாது என்றது. 1871 அக்டோபருக்கும் இதற்கும் இடையே 153 ஆண்டுகள். தீர்ப்பு வந்தாகிவிட்டது. இனி ஒவ்வொரு சிறையிலும் காவல் நிலையத்திலும் அந்தப் பத்தி நிஜமாகவே அடிக்கப்பட்டதா, அல்லது ஜப்பானில் நடந்ததுபோல வேறு பெயரில் பக்கத்துப் பத்திக்குக் குடிபெயர்ந்துவிட்டதா என்று போய்ப் பார்க்கிற வேலை தோழர்களுக்கு இருக்கிறது.