மடிக் கிட்டார்

மடியில் படுக்கவைத்து, உருக்குத் துண்டைத் தந்திகள்மேல் வழுக்கி இசைக்கப்படும் கிட்டார் வகை. ஹவாய் கிட்டார், லேப் ஸ்டீல் கிட்டார் என்றும் வழங்கும். தந்திகள் உயர்ந்து நிற்பதால் மெட்டுகளைத் தொடுவதில்லை. ஆகவே மெட்டுகள் இதில் சுர இடங்களைக் காட்டும் கோடுகள்தாம். வாசிப்பு முறையில் கோட்டுவாத்தியம் இதற்கு நெருக்கமானது; இரண்டுக்கும் வரலாற்றுத் தொடர்பு நிறுவப்படவில்லை.

ஓவாகு தீவின் லாயி ஊரில் 1874இல் பிறந்த ஜோசப் கெகுகு, பள்ளி மாணவராக இருந்தபோது இம்முறையைக் கண்டார் என்பது பெருவழக்கு. அவர் முதலில் தந்தியில் வைத்தது இரும்பு ஆணி என்பாரும், சீப்பு என்பாரும், கத்தி என்பாரும் உண்டு. ஜேம்ஸ் ஹோவா, கேப்ரியல் டேவியன் ஆகியோரையும் முன்னோடிகளாகக் கூறுவர். டேவியன் இந்தியாவில் பிறந்தவர் என்றும் ஒரு செய்தி உண்டு.

1915ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ பொருட்காட்சிக்குப் பின் ஹவாய் இசை அமெரிக்காவெங்கும் பரவியது. அரங்குகள் பெரிதாயின, கிட்டாரின் ஒலியோ எட்டவில்லை. பின்வந்த வடிவங்கள் பலவும் இக்குறைக்குத் தேடிய விடைகளே. லாஸ் ஏஞ்சலிஸில் பட்டறை வைத்திருந்த ஜெர்மானியர் ஹெர்மன் வைசன்போர்ன், ஹவாயின் கோவா மரத்தில், கழுத்தும் உள்ளீடற்றுக் கூட்டோடு ஒன்றிய கருவிகளைச் செய்தார். உயர்வகையின் விளிம்பில் கயிறு முறுக்கியதுபோன்ற மரப் பதிவேலை ஓடும். உள்ளீடற்ற கழுத்து நார்வேயில் பிறந்த கிறிஸ் க்னுட்சனுடையது எனப் பலர் கருதுகின்றனர். யார் யாரிடம் கற்றார் என்பது தெளிவாகவில்லை.

1927இல் நேஷனல் நிறுவனம், மூன்று அலுமினியக் கூம்புகள் பொருந்திய உலோகக் கிட்டாரை வெளியிட்டது. அந்நிறுவனத்தோடு தொடர்புடைய ஜார்ஜ் போஷாம் அடுத்து மின்சாரத்தை நாடினார். 1931இல் அவருக்காக ஹாரி வாட்சன் மேப்பிள் மரத்தில் மாதிரியைச் செதுக்கினார்: சிறு வட்ட உடல், நீண்ட கழுத்து, தந்திகளைச் சூழ்ந்து இரண்டு லாட காந்தங்கள். பார்ப்பதற்கு வாணலி போலவே இருந்ததால் அப்பெயரே நிலைத்தது. 1932இல் அலுமினிய வார்ப்பாக விற்பனைக்கு வந்தது. மேடை விளக்கின் சூட்டில் உலோகம் விரிந்து சுருதி கலைந்தது. பின்னர் பேக்லைட் வகை செய்யப்பட்டது. இக்கருவி வேலை செய்யுமா என்று காப்புரிமை அலுவலகம் ஐயுற்றதாகவும், தயாரித்தோர் இசைக்கலைஞர்களை அனுப்பி அங்கேயே வாசித்துக் காட்டியதாகவும் கூறுவர். காப்புரிமை 1937இல் கிடைத்தது. வைசன்போர்ன் இறந்ததும் அதே ஆண்டு.

கலிபோர்னியாவின் டவுனி நகரில் பால் பிக்ஸ்பி, கலைஞர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கருவி செய்து தந்தார். 1948இல் ஸ்பீடி வெஸ்டுக்கு அவர் செய்தது, மிதிகட்டைகளால் சுருதி மாற்றும் வகையின் தொடக்கங்களுள் ஒன்று.

இந்தியாவில் பிரிஜ் பூஷண் காப்ரா இக்கருவியை இந்துஸ்தானி மேடைக்குக் கொண்டுவந்தார். விஸ்வமோகன் பட்டின் மோகன வீணையில் 20 தந்திகள். அவற்றுள் 12 விரல் படாமலே உடன் அதிர்பவை. தேபாஷிஷ் பட்டாச்சார்யா வடிவமைத்த சதுரங்கிக்கு 24 தந்திகள். அவருடைய மற்றொரு கருவியான ஆனந்திக்கு நான்கே.