வழிப்போக்கரும் கைத்துப்பாக்கியும்

தனிவழியே செல்பவன் தன்னைக் காத்துக்கொள்ள ஆயுதம் தாங்கிச் செல்ல வேண்டுமா என்பது மிகப் பழைய வினா. மனிதர் காலால் நடந்த காலத்தில் வில்லையும் வேலையும் பற்றி எழுந்த அவ்வினா, துவிச்சக்கரவண்டி தோன்றிய காலத்தில் கைத்துப்பாக்கியைப் பற்றியதாக மாறியது. குருவிட்டவைச் சூழ்ந்த தோட்டங்களை அறிந்தவர் இதனை வீண்வினா என்று ஒதுக்கிவிடமாட்டார். கொழும்பிலிருந்து இரத்தினபுரிக்குச் செல்லும் பெருவீதி குருவிட்ட நகரினூடாகவே செல்கின்றது. அவ்வீதியை விட்டு விலகிய சிறிது தூரத்திலேயே இறப்பர் மரங்களின் நிழல் வழியை மூடிவிடும். பிரசவ வேதனையால் ஒரு லயத்திலிருந்து அழைப்பு வந்தால் மருத்துவமாது நள்ளிரவிலும் அவ்வழியே போகத்தான் வேண்டும். விடியுமுன் பால்வெட்டுக்குப் புறப்படுபவருக்கும், மாலை வேலை முடித்து வண்டியில் திரும்பும் கணக்கப்பிள்ளைக்கும் வேறு வழியில்லை. அவர்களுடைய அச்சம் மெய்யானது. அவ்வச்சத்துக்கு எது மருந்து என்பதைச் சரித்திரத்தைக் கேட்டு அறிவது நன்று.

துவிச்சக்கரவண்டிக்கும் இத்தோட்டங்களுக்கும் உள்ள உறவு பலர் நினைப்பதினும் நெருங்கியது. 1876ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கியூ தாவரத் தோட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,900 இறப்பர் நாற்றுக்கள் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, ஹேனரத்கொடையில் நடப்பட்டன. அந்நாளில் அம்மரத்தின் பாலுக்குப் பெருஞ்சந்தை இருக்கவில்லை. 1888ஆம் ஆண்டில் பெல்பாஸ்ற் நகரில் வாழ்ந்த ஜோன் பொய்ட் டன்லொப் என்னும் கால்நடை மருத்துவர் காற்றடைத்த ரயரை ஆக்கினார். அந்த ரயர் முதலில் துவிச்சக்கரவண்டிக்கும் பின்னர் மோட்டார் வண்டிக்கும் பயன்படவே, இறப்பரின் விலை ஏறியது. சப்பிரகமுவவின் குன்றுகளில் இறப்பர் பரவியது. களனிவெளிக் குறும்பாதை ரயில் 1912ஆம் ஆண்டில் இரத்தினபுரியை எட்டியது. தமிழ்நாட்டின் வறண்ட கிராமங்களிலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்கள் பல இம்மாகாணத்தின் லயங்களில் குடியேறியதற்கு, எங்கோ ஒரு நகரத்தில் சைக்கிளோட்டியவரின் வசதியும் ஒரு காரணமாயிற்று எனலாம்.

அதே துவிச்சக்கரவண்டி மேலைத்தேசங்களில் கைத்துப்பாக்கி வணிகத்துக்கும் வழிகோலியது. 1884 முதல் 1886 வரை உலகை வலம்வந்த தோமஸ் ஸ்டீவன்ஸ், உயர்ந்த முன்சக்கரமுடைய வண்டியில், மாற்றுடைகளோடு ஒரு சிறு கைத்துப்பாக்கியையும் வைத்திருந்தார். லாகூரிலிருந்து கல்கத்தா நோக்கிய பெருவழியிலும் அவர் வண்டியோட்டியதுண்டு. 1894ஆம் ஆண்டில் பொஸ்ரன் நகரிலிருந்து புறப்பட்ட அனி லண்டன்டெரி என்னும் பெண்மணி முத்துச்சிப்பிப் பிடியுள்ள கைத்துப்பாக்கியோடு பிரயாணஞ் செய்தார். அவர் ஏறிவந்த கப்பல் 1895ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கொழும்புத் துறைமுகத்தையும் தொட்டுச் சென்றது. அமெரிக்கக் கம்பனிகள் சில, குறுகிய குழலுள்ள துப்பாக்கிகளை ஆக்கி, அவற்றுக்குச் ‘சைக்கிள் துப்பாக்கி’ என்றே பெயரிட்டு விற்றன.

எனினும் இவ்வகையில் மிகுந்த புகழ் பெற்றது பிரான்ஸ் தேசத்து ‘வெலோ-டொக்’ என்னும் துப்பாக்கியே. சார்ல் பிரான்சுவா கலான் என்னும் ஆயுதக் கம்மியர் இதனை 1890களில் உருவாக்கினார். துவிச்சக்கரவண்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லையும் நாயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் இணைத்து அமைந்தது அதன் பெயர். சட்டைப்பையில் சிக்காதபடி மடங்கும் விசையும், ஐந்தே முக்கால் மில்லிமீற்றர் அளவுள்ள சிறு ரவையும் அதன் சிறப்புக்கள். வண்டியைத் துரத்திவரும் நாய்களைச் சுடுவதே அதன் நோக்கம். நாயைக் கொல்ல மனமில்லாதவருக்காக மிளகாய்த்தூளும் மெழுகும் நிறைத்த ரவைகளும் விற்பனையாயின. பெல்ஜியத்திலும் ஸ்பெயினிலும் வேறு பலர் இதனைப் பின்பற்றிச் செய்தனர்.

ஒரு நாய்க்காக ஒருவன் துப்பாக்கி வாங்குவதா என்று இக்காலத்தவர் நகைக்கலாம். அக்காலத்தவரின் அச்சத்துக்குக் காரணம் இருந்தது. விசர்நாய் கடித்து நோயின் குறிகள் தோன்றிவிட்டால் அதன்பின் சாவு ஒன்றே முடிவு. 1885ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில்தான் லூயி பாஸ்ரர், ஜோசப் மைஸ்ரர் என்னும் சிறுவனுக்குத் தமது தடுப்பு மருந்தை முதன்முதல் ஏற்றினார். அம்மருந்து ஊரூராகச் சென்று சேரப் பல ஆண்டுகள் சென்றன. இந்தியாவில் கசௌலி பாஸ்ரர் நிலையம் 1900ஆம் ஆண்டிலும், நீலகிரியில் குன்னூர் நிலையம் 1907ஆம் ஆண்டிலுமே தோன்றின. அதற்கு முன்னர் தென்னிந்தியாவில் விசர்நாயிடம் கடிபட்டவனுக்கு அருகில் எந்தப் புகலிடமும் இல்லை.

அப்படியாயின் வெலோ-டொக் எவ்வாறு மறைந்தது? சைக்கிளோட்டிகள் நாய்களையெல்லாம் சுட்டு முடித்துவிட்டதால் அது மறைந்ததென்று எவரும் கூறமுடியாது. நாய்களைப் பதிவுசெய்யும் சட்டமும், கட்டிவைக்கும் பழக்கமும், தடுப்பு மருந்தும் பரவப் பரவ அதன் தேவை தேய்ந்துபோயிற்று. இலங்கையின் அனுபவமும் இதுவே. 1893ஆம் ஆண்டில் விசர்நாய்க்கடிநோய் பற்றிய கட்டளைச் சட்டமும், 1901ஆம் ஆண்டில் நாய்களைப் பதிவுசெய்யும் கட்டளைச் சட்டமும் இங்கே ஆக்கப்பட்டன. ஆயினும் சட்டம் மட்டும் போதவில்லை. 1970களின் தொடக்கத்தில் ஆண்டொன்றுக்கு முந்நூற்றுக்கு மேற்பட்டவர் இந்நோயால் மாண்டனர். வீடுவீடாகச் சென்று நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றியதும், அரசாங்க வைத்தியசாலைகளில் கடிபட்டவருக்கு இலவச ஊசி கிடைத்ததும் அத்தொகையை ஆண்டுக்குச் சில பத்துக்கள் என்ற அளவுக்கு இறக்கின. கடிபட்ட இடத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் கால்மணி நேரம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்பவன், கைத்துப்பாக்கி தாங்கியவனைவிட நன்கு பாதுகாக்கப்பட்டவன்.

நாயின் அச்சம் நீங்கியது சரி, கள்வர் அச்சத்துக்கு என்ன வழி என்று கேட்கலாம். இதற்குத் தமிழ் இலக்கியமே ஒரு சாட்சி. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், தொண்டைமான் இளந்திரையனுடைய நாட்டு வழிகளில் வழிப்போக்கரைத் தாக்கிக் கைப்பொருள் பறிப்போர் இல்லை என்று பாணனுக்கு உறுதி கூறப்படுகின்றது. சுங்கம் கொள்ளும் பெருவழியை வில்வீரர் காத்து நின்றமையும் அந்நூலில் வருகின்றது. ஆகவே வில் இருந்தது. அது வழியைக் காக்கும் வீரர் கையில் இருந்தது. யாழைச் சுமந்து செல்லும் பாணன் வில்லையும் சுமக்க வேண்டியிருக்கவில்லை. அரசனைப் புகழ வந்த புலவர், குடிகள் அஞ்சாது வழிநடப்பதையே அவனுக்குரிய புகழாகக் கண்டார்.

பிற்காலத்தில் தென்னகத்திலும் ஈழத்திலும் வாணிகஞ் செய்த ஐந்நூற்றுவர் என்னும் பெருங்கணத்தார் ஆயுதவீரரைத் தம்மோடு வைத்திருந்தனர். அவ்வீரர் காவல்புரிந்த ஊர்கள் எறிவீரப்பட்டினங்கள் எனப்பட்டன. பதவியா, வாகல்கடை ஆகிய இடங்களிற் கிடைத்த தமிழ்ச் சாசனங்கள் இக்கணத்தாரின் தொடர்பைக் காட்டுகின்றன. வணிகர் ஆயுதம் தாங்கியதற்கு இதுவே சான்றாகாதா என்று எவரேனும் வாதிக்கலாம். சான்றுதான். ஆனால் அங்கும் ஆயுதம் ஒவ்வொரு வணிகனின் மடியிலும் தன்னிச்சையாகக் கிடக்கவில்லை. அது ஒரு கணத்தின் ஒழுங்குக்கும் உடன்பாட்டுக்கும் கட்டுப்பட்ட பொதுக்காவலாகவே இருந்தது.

சப்பிரகமுவவின் சரித்திரத்திலேயே இதற்கு மற்றோர் உதாரணம் உண்டு. கேகாலை மாவட்டத்து உதுவன்கந்தைக் குன்றை ஒதுக்கிடமாகக் கொண்டு, கொழும்பு - கண்டி வீதியிற் செல்வோரைக் கொள்ளையிட்டவன் சரதியேல். செல்வரிடம் பறித்து ஏழைகளுக்குக் கொடுத்தவன் என்று கதைகள் அவனை வாழ்த்துகின்றன. அக்கதைகள் எவ்வாறாயினும், அவ்வீதி வழியே சென்றோர் அஞ்சிச் சென்றனர் என்பது உண்மை. 1864ஆம் ஆண்டு மார்ச் 21ஆந் திகதி மாவனல்லையில் அவன் பிடிபட்டபோது நிகழ்ந்த சண்டையில் சபான் என்னும் பொலிஸ் வீரர் உயிர்துறந்தார். அந்நாளையே இன்றும் இலங்கைப் பொலிசார் தமது வீரர் தினமாக நினைவுகூருகின்றனர். அவ்வாண்டு மே மாதத்தில் சரதியேல் கண்டியில் தூக்கிலிடப்பட்டான்.

அதன்பின் நடந்தவை கவனிக்கத்தக்கன. 1865ஆம் ஆண்டில் பொலிஸ் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. 1866ஆம் ஆண்டில் கம்பெல் என்பவர் பொலிஸ் படையின் தலைமையை ஏற்று அதனைச் சீர்படுத்தினார். 1867ஆம் ஆண்டில் ரயில் கண்டியை அடைந்தது. ஒழுங்கான காவலும் விரைவான போக்குவரத்தும் வந்து சேர்ந்தபோது, பழைய வழிப்பறிக்கு இடம் சுருங்கியது. பிரயாணிகள் ஒவ்வொருவரும் துப்பாக்கி வாங்கியதனால் விளைந்த மாற்றமன்று அது.

சட்டத்தின் நோக்கும் இதனையே தழுவியது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை ஒருவனுடைய தற்காப்பு உரிமையை ஏற்கின்றது. அதே வேளையில், தற்காப்புக்கு வேண்டிய அளவினும் மிகுந்த தீங்கு செய்ய அது இடந்தரவில்லை. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம், அனுமதிப்பத்திரமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. 1996ஆம் ஆண்டில் அதன் தண்டனைகள் மேலும் கடுமையாக்கப்பட்டன. பன்றியிடமிருந்து பயிரைக் காக்கும் விவசாயிக்குத் துவக்கு அனுமதிக்கப்படுவதுண்டு. அதுவும் அரசாங்கத்தின் கணக்கிலும் கண்காணிப்பிலும் இருக்கும் துவக்கே.

துவக்கு மிகுந்தால் பாதுகாப்பு மிகும் என்னும் எண்ணத்தை இம்மாகாணத்து மக்களின் அனுபவம் ஆதரிக்கவில்லை. 1971ஆம் ஆண்டு ஏப்ரல் கிளர்ச்சியின்போது கேகாலை மாவட்டம் பெரிதும் அல்லலுற்றது. கிராமத்து வீடுகளில் இருந்த வேட்டைத் துவக்குகளைக் கிளர்ச்சிக்காரர் தேடிச்சென்று பறித்தனர். வீட்டைக் காக்கும் என்று நம்பிய பொருளே வீட்டுக்கு ஆபத்தை அழைத்துவந்தது. காட்டுப்பன்றிக்கென்று சட்டவிரோதமாக வைக்கப்படும் கட்டுத்துவக்கோ, மிதிப்பது பன்றியா மனிதனா என்று அறியாது. விறகுக்கும் புல்லுக்கும் சென்றவர் அதனாற் காலிழந்ததும் உண்டு, உயிரிழந்ததும் உண்டு.

இனி, துவிச்சக்கரவண்டியின் இயல்பையே நோக்குவோம். அது இரு கைகளாலும் பிடித்து, உடலின் சமநிலையால் ஓட்டப்படுவது. இருளில், சரளைக்கல் பரந்த இறக்கத்தில், நாயோ மனிதனோ திடீரெனக் குறுக்கிட்டால், ஒரு கையை எடுத்துப் பையிலிருந்து துப்பாக்கியை உருவுபவன் பகைவனை வீழ்த்துமுன் தானே வீழ்வான். அவன் குறி தப்பினால் ரவை எங்கே செல்லும்? ஒரு லயத்தில் அறையோடு அறை ஒட்டிப் பல குடும்பங்கள் உறங்குகின்றன. கள்வனுக்கென்று விட்ட ரவை தொட்டிலிற் கிடக்கும் குழந்தையைத் தேடிச் செல்லாது என்று யார் உறுதி கூறமுடியும்? கள்வனும் சும்மா இருக்கமாட்டான். எதிரில் வருபவனிடம் துப்பாக்கி உண்டு என்று அறிந்தால், அவன் கேட்டுப் பறிப்பதை விட்டு, மறைந்திருந்து முதலிலேயே தாக்குவான்.

இவ்வளவு கூறியும் அந்த மருத்துவமாதின் அச்சம் தீர்ந்துவிடவில்லை. துப்பாக்கி வேண்டாம் என்று அறிவுரை கூறிவிட்டு அவளை இருளிலே தனியே அனுப்புவது நீதியாகாது. தோட்டத்துப் பாதைக்கு விளக்கு வேண்டும். அழைத்தால் வரக்கூடிய தூரத்தில் பொலிஸ் நிலையம் வேண்டும். லயத்திலிருந்து அவளை அழைக்க வந்தவர் இருவராக வந்து, திரும்பவும் வீடுவரை கொண்டுபோய்விட வேண்டும். இவற்றைக் கேட்பது சலுகையன்று. பெரும்பாணாற்றுப்படையின் காலம் முதல் வழிநடப்போர் ஆட்சியினிடம் எதிர்பார்த்துவந்த உரிமையே அது.

இந்த உண்மைக்குக் குருவிட்டவே கண்கண்ட சாட்சி. சிவனொளிபாதமலைக்குச் செல்லும் வழிகளுள் ஒன்று குருவிட்டவிலிருந்து எரத்னை ஊடாகச் செல்கின்றது. மார்கழிப் பூரணை முதல் வைகாசிப் பூரணை வரை யாத்திரிகர் மலையேறுகின்றனர். நடுச்சாமத்திலே, காட்டினூடே, முதியோரும் பெண்களும் குழந்தைகளும் ஏறுகின்றனர். கூட்டமும் விளக்கும் அவர்களுக்குப் பாதுகாப்பு. ஏறக்குறைய ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன், முதலாம் விஜயபாகு மன்னன் அம்மலைக்குச் செல்லும் யாத்திரிகர் படும் துன்பத்தைக் கண்டு, இரத்தினபுரிக்கு அணித்தான கிலிமலைக் கிராமத்தை அவர்களுடைய உணவுக்கென மானியமாக விட்டான் என வரலாற்று நூல் கூறுகின்றது. வாளெடுத்துச் சோழருடன் பொருது நாட்டை வென்றவன் அவன். வழிநடப்போருக்கு அவன் வழங்கியதோ சோறு.

ஆயுதத் தொழிலும் காலப்போக்கில் இப்பாடத்தைக் கற்றது போலும். வெலோ-டொக் போன்ற துப்பாக்கிகள் செய்யப்பட்ட ஸ்பெயின் தேசத்து எய்பார் நகரில், கைத்துப்பாக்கி செய்துவந்த பெய்ஸ்தேகி சகோதரர் 1919ஆம் ஆண்டில் துவிச்சக்கரவண்டி செய்யத் தொடங்கினர். துவக்குச் செய்வதற்கென 1861ஆம் ஆண்டில் பேமிங்காமில் தோன்றிய பி. எஸ். ஏ. கம்பனியும் பின்னர் சைக்கிளாற் பெயர்பெற்றது. சாய்த்து நிறுத்திய மூன்று துவக்குகளே அதன் இலச்சினை. அந்தச் சைக்கிளை ஓட்டியவர்களுக்கு வண்டியின் நெற்றியிலே பொறித்திருந்த அம்மூன்று துவக்குகளே போதுமாயிருந்தன. வழியைக் காக்கும் பொறுப்பை ஊரும் அரசும் ஏற்குமாயின், இனி வருவோருக்கும் அவையே போதும்.