'ரோடு' என்றால் இறங்கி ஏறணும்!

விடியற்காலை. ரயில் நிற்கிறது. ஜன்னல் வழியே மஞ்சள் பலகை தெரிகிறது - 'கொடைக்கானல் ரோடு'. ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு ஆசையாக இறங்குகிறீர்கள். குளிரைக் காணோம்! டீக்கடையில் விசாரித்தால், ''கொடைக்கானலா? இன்னும் எண்பது கிலோமீட்டர் இருக்கு சார், பஸ்ஸைப் பிடிங்க'' என்கிறார்கள்.

ரயில்வே உங்களை ஏமாற்றவில்லை. ஓர் ஊரின் பெயரோடு 'ரோடு' என்று ஒட்டியிருந்தால், 'அந்த ஊர் இங்கே இல்லை. இங்கே இறங்கிச் சாலை வழியாகப் போய்க்கொள்ளவும்' என்று அர்த்தம். வாலாஜா ரோடு, ஆனைமலை ரோடு, ராஜஸ்தானின் அபு ரோடு எல்லாம் இந்த ரகம்தான். (ஈரோட்டை இதில் சேர்த்துவிடாதீர்கள்!)

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலையில் ராயபுரத்திலிருந்து கிளம்பி எதுவரை போனது தெரியுமோ? இன்றைய வாலாஜா ரோடு வரை! ஆக, ஆரம்பமே ஒரு 'ரோடு'தான்.

கொடைக்கானலுக்கு வருவோம். சமவெளியின் வெயிலும் நோயும் தாங்காமல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் 1845-ல் அங்கே வீடு கட்டிக்கொண்டார்கள். திருச்சி - மதுரை ரயில் பாதை வந்தது 1875-ல். மலைக்குப் போகிறவர்கள் அம்மையநாயக்கனூர் ஸ்டேஷனில் இறங்கினார்கள். அதுதான் பிற்பாடு 'கொடைக்கானல் ரோடு' ஆனது.

சரி, இறங்கியாச்சு. அப்புறம்? மாட்டு வண்டி! வத்தலக்குண்டு, பெரியகுளம் பக்கமாக ராத்திரி முழுக்க ஆடி ஆடிப் போனால், மலையடிவாரத்தில் கிருஷ்ணம நாயக்கன் தோப்பு. அங்கிருந்து செங்குத்தான மலைப்பாதை. துரைமார்களுக்குக் குதிரை. துரைசானிகளுக்கும் குழந்தைகளுக்கும் டோலி. பெட்டி, படுக்கை எல்லாம் கூலிக்காரர்களின் தலையில். அந்தப் பாதைக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயரே 'கூலி காட்'! ரயில் பாதியில் விட்ட பயணத்தை முடித்துவைத்தவை அந்தத் தோள்கள்தான். 1863-ல் கொடைக்கானல் ஏரியை உருவாக்கிய கலெக்டர் லெவிஞ்சின் பெயர் நமக்குத் தெரியும். டோலி தூக்கியவர்களில் ஒருத்தர் பெயர்கூடத் தெரியாது.

இப்படி மாறி மாறி ஏறிப்போகும் பயணத்துக்குள் சரித்திரமே புகுந்த நாள் ஒன்று உண்டு. 1911, ஜூன் 17. திருநெல்வேலி கலெக்டர் ஆஷ், கொடைக்கானலில் இருந்த தன் குழந்தைகளைப் பார்க்க மனைவியோடு கிளம்பினார். திருநெல்வேலியிலிருந்து மணியாச்சி வரை ஒரு ரயில். அங்கே, தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயிலுக்காகக் காத்திருக்க வேண்டும். சில நிமிஷங்கள்தான். அந்தச் சில நிமிஷங்களில்தான் வாஞ்சிநாதன் பெட்டிக்குள் ஏறி ஆஷைச் சுட்டார். பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டு இறந்தார். அந்த ஜங்ஷன் இன்று 'வாஞ்சி மணியாச்சி'.

மலைக்குச் சாலை போடும் யோசனை ரயில் வந்த 1875-லேயே பிறந்துவிட்டது. மேஜர் லா என்பவர் திட்டம் போட்டார். வேலை ஆரம்பித்து, பணமில்லாமல் நின்றுபோய், ஒருவழியாக முடிந்தது 1914-ல்! கிட்டத்தட்ட நாற்பது வருஷம். அதன்பின் மோட்டார் மலையேறியது. டோலிக்கு வேலை போனது. அந்தச் சாலைக்கு இன்றும் 'லாஸ் காட்' என்று ஒரு பெயர் உண்டு.

ஊட்டிக்கு 1908-லேயே ரயில் போய்ச் சேர்ந்துவிட்டது. கொடைக்கானலுக்கு இன்றுவரை கிடையாது. ரயிலில் வருகிறவர் இறங்கித்தான் ஆகணும், பஸ் ஏறித்தான் ஆகணும்.

அடுத்த முறை அந்த பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தால், ''சே, எத்தனை வளைவுப்பா!'' என்று அலுத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. கூடவே, கீழே பள்ளத்தாக்குப் பக்கம் ஒரு தரம் எட்டிப் பாருங்கள். ஒரு காலத்தில் இதே உயரத்தை, முன்னால் இருவர் பின்னால் இருவர் என்று யாரோ தோளில் நம்மைப்போல ஒருவரைச் சுமந்துகொண்டு ஏறியிருக்கிறார்கள்.